காமன், காடு, ஆற்றங்கரை: தென்மேற்கு லண்டனில் ஓட்டப் பாதை அமைப்பது எப்படி

சாலையில் ஓடிப் பழகியவர்கள் காட்டுப் பாதைக்கு வரும்போதும் முதலில் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் வேண்டும், செயலியில் அந்த நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தாயிற்று, கிளம்பலாம். சாலைக்கு இது போதும். காமன் (common) எனப்படும் பழைய ஊர் மேய்ச்சல் வெளிகளிலும் காடுகளிலும் தேம்ஸ் கரையிலும் போதாது. அங்கே ஓட்டத்தைத் தீர்மானிப்பது காலடி மண். அடுத்தது தண்ணீர். தூரமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகஸ்டில் ஒரு மணி நேரத்தில் முடிகிற பாதைக்கு ஜனவரியில் ஒன்றேகால் மணி நேரம் ஆவது சாதாரணம். அதற்காக உடல் தளர்ந்துவிட்டதென்று கவலைப்பட வேண்டாம்.

டூட்டிங், மிட்சம், நியூ மால்டன், சட்டன், கிங்ஸ்டன் என்று தமிழர்கள் நிறைய வாழும் பகுதிகளிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ எளிதில் போய்ச் சேரக்கூடிய பாதைகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பக்கத்தில் நான்கு வகைத் தரை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற காலம் வேறு.

விம்பிள்டன் காமனின் மேட்டுப் பகுதி சரளை. மழை பெய்த மறுநாளே ஓடலாம். ஆனால் அந்தச் சரளைக்கு அடியில் களிமண் இருக்கிறது. மேலே விழும் மழை சரளை வழியாக இறங்கி, களிமண்ணில் முட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் ஊற்றாகக் கசிகிறது. அதனால் மேடு காய்ந்து கிடக்கும்போதும் மேற்குப் பக்கக் காட்டுச் சரிவின் நடுப்பகுதி சொதசொதவென்று இருக்கும். மேட்டிலுள்ள காற்றாலையருகே தரையைப் பார்த்துவிட்டு 'இன்று பாதை நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்தால், பத்து நிமிடத்தில் கணுக்கால் வரை சேற்றில் நிற்பீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை இந்தச் சரிவில் குறுகலான ஒற்றையடிப் பாதைகளை விட்டுவிட்டு, சரளை கொட்டிய அகலப் பாதைகளிலேயே இறங்குங்கள்.

ஆஷ்டெட் காமனும் எப்சம் காமனும் அடியோடு களிமண். குளிர்காலத்தில் ஒவ்வொரு அடியும் காலணியைப் பிடித்து இழுக்கும். கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கூடுதலாக ஆகும். நீண்ட வறட்சிக்குப் பிறகு இதே களிமண் வேறு விதத்தில் தொல்லை தரும். ஈரத்தில் குதிரைக் குளம்பு பதிந்த குழிகள் அப்படியே கல்லாக இறுகிவிடும். இந்தப் பாதைகளில் கணுக்கால் சுளுக்குக்குச் சேற்றைவிட ஆகஸ்டின் உலர்ந்த குழிகளையே அதிகம் அஞ்ச வேண்டும். ஆஷ்டெட்டுக்கு ஏற்ற பருவம் மே, ஜூன், பிறகு மழை தொடங்குவதற்கு முந்தைய செப்டம்பர்.

ஆக்ஸ்ஷாட் ஹீத், ஈஷர் காமன் பக்கம் மணல். தண்ணீர் நிற்காது. டிசம்பர், ஜனவரியில் நீண்ட ஓட்டம் வேண்டுமென்றால் யோசிக்காமல் இங்கே வாருங்கள். கோடையில் மணல் இளகிவிடும். ஏற்றங்களில் கெண்டைக்கால் சீக்கிரம் களைக்கும், அவ்வளவுதான்.

எப்சம் டவுன்ஸ், பாக்ஸ் ஹில் பக்கம் சுண்ணக்கல். காய்ந்திருந்தால் அருமையான தரை. பலர் நடந்து மெருகேறிய சுண்ணக்கல் மேல் தூறல் விழுந்தாலோ பனிக்கட்டி போல வழுக்கும். எந்தக் காலணி போட்டாலும் பிடிக்காது. மழை நாளில் ஏறுவதற்குச் சுண்ணக்கல் பாதையைப் பயன்படுத்தினாலும், இறங்குவதற்கு ஓரத்துப் புல்லைத் தேடுங்கள்.

எங்கே ஓடலாம், எங்கே கூடாது

காமன் என்றதும் அரசுப் புறம்போக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு காமனுக்கும் உடைமையாளர் உண்டு. ஊரார் சிலருக்கு அங்கே மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் பழைய உரிமை இருந்ததால் அது காமன் ஆயிற்று. பொதுமக்கள் கால்நடையாகப் போகும் உரிமை பிறகு சட்டங்களால் வந்தது. நகர்ப்புறக் காமன்களில் காற்று வாங்கவும் உடற்பயிற்சி செய்யவும் 1925-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் வழிவிட்டது. பதிவான மற்றக் காமன்களில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம். விம்பிள்டன் காமனுக்கு 1871 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஓடுபவருக்கு இதன் பொருள்: காமனுக்குள் பாதையை விட்டு விலகினாலும் தவறில்லை. காமனின் எல்லையைத் தாண்டி ஒரு வயலில் கால் வைத்த கணமே பாதையை விட்டு விலகக் கூடாது.

இந்த எல்லையைக் காட்டுவது பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம். அளவு 1:25,000, தாளில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பச்சை நிறச் சிறு கோடுகள் நடைபாதை, பச்சை நிற நீளக் கோடுகள் குதிரைப் பாதை. இரண்டிலும் ஓடலாம். கறுப்புக் கோடுகளில்தான் கவனம் வேண்டும். தரையில் ஒரு பாதை இருக்கிறது என்பதை மட்டுமே அவை சொல்லும். அதில் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லாது. வெளிர் மஞ்சள் சாயம் பூசிய இடம் காலால் எங்கும் திரியலாம் என்று பொருள். களத்தில் கம்பங்களில் உள்ள அம்புகள்: மஞ்சள் நடைபாதைக்கு, நீலம் குதிரைப் பாதைக்கு.

செயலிகளின் வெப்ப வரைபடங்களை இதற்கு நம்ப வேண்டாம். யாரோ ஓடியிருக்கிறார்கள் என்பதற்குத்தான் அவை சாட்சி. தனியார் தோட்டத்தின் ஊடாக நூறு பேர் அத்துமீறி ஓடியிருந்தால் அந்தக் கோடும் பிரகாசமாகத்தான் எரியும். வேறொருவரின் தடத்தைத் தரவிறக்கினால் அது எந்த மாதத்தில் ஓடியது என்று பாருங்கள். ஜூலைத் தடத்தை ஜனவரியில் பின்பற்றினால் மண்ணைப் பற்றி மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் வந்து சேரும்.

ஒரு முழுப் பாதை: விம்பிள்டன் பார்க் முதல் ரிச்மண்ட் வரை

காமன், காடு, நீர்க்கரை மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பார்க்க இதைவிட நல்ல கோடு லண்டனில் குறைவு. நகரைச் சுற்றி 126 கி.மீ. போகும் கேப்பிடல் ரிங் என்ற நடைவழியின் 15 பகுதிகளில் இது ஆறாவது. நீளம் சுமார் 11 கி.மீ. தொடக்கத்திலும் முடிவிலும் டிஸ்ட்ரிக்ட் லைன் நிலையம், கார் தேவையில்லை. வழி நெடுகப் பலகைகள் உண்டு. திசை முக்கியம்: விம்பிள்டனிலிருந்து ரிச்மண்டுக்கு ஓடுங்கள். ஏற்றமும் வேரும் சேறும் கால்கள் புத்துணர்வோடு இருக்கும் முதல் பாதியில் வரும். கடைசிப் பகுதி ஆற்றங்கரைச் சமதரை. எதிர்த்திசையில் ஓடினால், களைத்த கால்களோடு காட்டு வேர்களைத் தாண்ட வேண்டியிருக்கும். தடுக்கி விழுவது பெரும்பாலும் அப்படித்தான்.

நிலையத்திலிருந்து விம்பிள்டன் பார்க் ஏரியைக் கடந்து தெருக்கள் வழியாகக் காமனுக்கு ஏற வேண்டும். இந்தப் பகுதியை மெதுவாகவே ஓடுங்கள். உடல் சூடேற இது போதும். ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் டென்னிஸ் போட்டி நடக்கும் இரண்டு வாரங்களில் பார்க்கில் நுழைவுச்சீட்டு வரிசை நிற்கும். அப்போது விம்பிள்டன் நிலையத்திலிருந்து 93 பஸ்ஸில் பார்க்சைடு சாலைக்கு வந்து, காற்றாலையிலிருந்தே தொடங்குங்கள். பாதையில் 3 கி.மீ. போலக் குறையும்.

1817-இல் கட்டிய அந்தக் காற்றாலைதான் காமனின் அடையாளப் புள்ளி. கழிப்பறையும் தேநீர்க் கடையும் இங்கே உண்டு. சுற்றிலும் கோல்ஃப் மைதானம். ஆட்டக்காரர்கள் சிவப்பு மேலாடை அணிய வேண்டும் என்பது இங்கே விதி. நடப்பவர்கள் கண்ணுக்கு அவர்கள் தெரிய வேண்டும் என்பதற்காக. மைதானத்தைக் குறுக்கே கடக்குமுன் நின்று இரு பக்கமும் சிவப்பைத் தேடுங்கள். யாராவது அடிக்கத் தயாராக நின்றால் அவர் அடித்து முடியட்டும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு இதே இடத்தில் பார்க்ரன் என்ற 5 கி.மீ. வாராந்தரக் குழு ஓட்டம் தொடங்கும். 2007 முதல் நடக்கிறது. கட்டணமில்லை, முன்பே பதிந்து பார்கோடு கொண்டுபோனால் போதும். காட்டு ஓட்டத்துக்குப் புதியவர்கள் ரிச்மண்ட் வரையான பாதையைத் தனியாக ஓடுமுன் பார்க்ரனில் ஓரிரு முறை ஓடிப் பார்ப்பது நல்லது. எந்தத் தரையில் எவ்வளவு வேகம் தாங்கும் என்பது கூட்டத்தோடு ஓடும்போது விரைவில் பிடிபடும்.

காற்றாலைக்குக் கீழே குவீன்ஸ் மியர் குளம். அங்கிருந்து பெவர்லி புரூக் ஓடையை நோக்கி மேற்கே இறங்கும் காட்டுப் பகுதிதான் இந்தப் பாதையிலேயே கடினமானது. அடியைக் குறுக்குங்கள். பாதத்தை முழங்காலுக்கு நேர் கீழே வையுங்கள். கண் காலடியில் இருக்க வேண்டாம்; நான்கைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். அக்டோபர், நவம்பரில் உதிர்ந்த இலை வேரையும் குழியையும் மூடிவிடும். ஓக் மரத்தடியில் காய்கள் உருளும். அந்த மாதங்களில் இந்த இறக்கத்தை நேரம் பார்த்து ஓடவே கூடாது.

வழியில் குட்டை வந்தால் நடுவே போங்கள். சுற்றிப் போகத்தான் கால் தூண்டும். ஆனால் எல்லோரும் ஓரத்தில் மிதித்தால் செடிகள் அழிந்து, பாதை ஆண்டுக்கு ஆண்டு அகன்று, காட்டைத் தின்றுகொண்டே போகும். தவிர, அகலப் பாதைகளில் குட்டைக்கு அடியில் கொட்டிய சரளை இருக்கும். வழுக்குவது ஓரத்துச் சேறுதான். அடி தெரியாத ஆழமான பள்ளமென்றால் மட்டும் விலகுங்கள்.

ஓடையைத் தாண்டியதும் ஏ3 நெடுஞ்சாலை. சிக்னல் உள்ள இடத்தில் மட்டுமே கடக்க வேண்டும். மறுபுறம் ராபின்ஹுட் வாயில், ரிச்மண்ட் பார்க். இங்கே காமன் முடிந்து அரச பூங்கா தொடங்குகிறது, விதிகளும் மாறுகின்றன. பென் பாண்ட்ஸ் என்ற இரட்டைக் குளங்களின் நடுவே ஓடி, பெம்புரோக் லாட்ஜுக்கு ஏறுங்கள். தண்ணீரும் கழிப்பறையும் அங்கே கிடைக்கும். பக்கத்திலுள்ள கிங் ஹென்றி மேட்டிலிருந்து 16 கி.மீ. தொலைவிலுள்ள செயின்ட் பால்ஸ் பேராலயக் குவிமாடம் மரங்களின் இடைவெளியில் தெரியும். அந்தக் காட்சியை மறைத்துக் கட்டடம் எழும்பக் கூடாதென்று பாதுகாப்பே இருக்கிறது. ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதனால் ஓட்டம் கெட்டுவிடாது. பிறகு பீட்டர்ஷாம் வாயில் நோக்கிச் செங்குத்தான புல்சரிவு, சாலை, மேய்ச்சல் புல்வெளி, தேம்ஸ் கரை, ரிச்மண்ட் பாலம். அங்கிருந்து நிலையம் நடக்கும் தூரம்தான்.

நடுவழியில் கைவிட நேர்ந்தால் வெளியேறும் இடங்களை முன்கூட்டியே மனத்தில் வையுங்கள். காற்றாலையில் பார்க்சைடு பஸ், ராபின்ஹுட்டில் ஏ3 ஓரத்து பஸ், பீட்டர்ஷாமில் 65. நீங்களே வேறு பாதை வரையும்போதும் மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாவது இப்படி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தேம்ஸின் ஓதம்

பீட்டர்ஷாமுக்கும் ரிச்மண்டுக்கும் இடையே கரைப்பாதை சில நாட்களில் தண்ணீருக்குள் போய்விடும். வெயிலடிக்கும் நாளிலும் இது நடக்கும். காரணம் மழையல்ல, கடல் ஓதம். டெடிங்டன் லாக் என்ற மதகு வரை தேம்ஸில் ஓதம் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த இரண்டு மூன்று நாட்களில் பெருக்கு மிக உயரும். வீட்டில் தமிழ் நாட்காட்டி தொங்கினால் நாளைக் கண்டுபிடிப்பது சுலபம். நேரத்துக்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையைப் பாருங்கள். லண்டன் பிரிட்ஜில் உச்சமாகி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ரிச்மண்டில் உச்சமாகும். பெரிய பெருக்குகள் இங்கே பெரும்பாலும் பிற்பகல் மூன்று முதல் ஐந்துக்குள்ளும், அதே போல் அதிகாலையிலும் வருகின்றன. ஆகவே அந்த நாட்களில் காலை ஒன்பது பத்து மணிக்கு ஓடுபவருக்குத் தொல்லையில்லை. மாலை ஓட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பாதையில் நீர் ஏறியிருந்தால் 'பத்து மீட்டர்தானே' என்று இறங்காதீர்கள். கரையின் விளிம்பு எங்கே முடிகிறதென்று கலங்கிய நீரில் தெரியாது. திரும்பிச் சாலைக்கு வாருங்கள். வடிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மெல்லிய வண்டல் படலம் கல்லை வழுக்கலாக்கும். யாராவது ஆற்றில் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள்; கரையிலிருந்து கிளையோ கயிறோ மிதவையோ எறிந்துவிட்டு 999 அழையுங்கள். ஓதம் ஏறும் பகுதியில் கடலோரக் காவலைக் கேட்க வேண்டும்.

டெடிங்டனுக்கு மேலே ஓதம் இல்லை. அங்கே வெள்ளம் மழையால் வருவது, நாட்கணக்கில் நிற்கும். சமதரை நீர்க்கரை ஓட்டம் மட்டும் போதும் என்பவர்கள் ரிச்மண்ட் பாலத்திலிருந்து தென்கரையிலேயே ஹாம், டெடிங்டன் லாக் வழியாகக் கிங்ஸ்டன் பாலம் வரை போகலாம்: சுமார் 8 கி.மீ., ஏற்றமே இல்லை. மிட்சம், காலியர்ஸ் வுட் பக்கத்தவர்களுக்கு வாண்டில் ஆற்றுப் பாதை இன்னும் அருகில். மார்டன் ஹால் பார்க்கின் சதுப்பில் பலகை நடைபாதை வரும். ஈரத்தில் அதில் ஓடாதீர்கள், நடந்துவிடுங்கள். ஈர மரப்பலகையைப் பிடிக்கும் ரப்பர் எதுவும் இல்லை.

மான், மாடு, உண்ணி

ரிச்மண்ட் பார்க்கில் அறுநூறுக்கு மேற்பட்ட மான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. 50 மீட்டர் விலகி ஓட வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரை கலைமான்கள் ஒன்றோடொன்று மோதும் காலம். இரண்டு கிடாக்களுக்கு நடுவிலோ கிடாவுக்கும் பெண்மான் கூட்டத்துக்கும் நடுவிலோ போகாதீர்கள். மே முதல் ஜூலை வரை தாய்மான்கள் குட்டிகளைப் பெரணிப் புதர்களில் மறைத்துவைக்கும். அந்த மாதங்களில் புதருக்குள் செல்லும் குறுகிய தடங்களை முற்றாகத் தவிர்க்க வேண்டும். பாதசாரி வாயில்கள் இரவும் திறந்திருக்கும். நவம்பரிலும் பிப்ரவரியிலும் மான்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வாரங்களில் மட்டும் இரவு 8 முதல் காலை 7.30 வரை மூடுவார்கள். வாயிலில் அறிவிப்பு ஒட்டியிருக்கும்.

கோடையில் பீட்டர்ஷாம் புல்வெளியில் மாடுகள் மேயும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே ஓடக் கூடாது. பத்து இருபது மீட்டருக்கு முன்பே நடைக்கு மாறி, சுற்றிப் போய், பிறகு ஓடுங்கள். குதிரை வந்தால் பின்னாலிருந்து ஓசையில்லாமல் நெருங்காதீர்கள். 'ஹலோ' என்று குரல் கொடுத்தால் குதிரைக்கு அது மனிதர் என்று தெரியும், மிரளாது.

உயரமான புல்லிலும் பெரணியிலும் உண்ணி இருக்கும். மான் இருக்கும் இடத்தில் நிச்சயம். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை இருந்த இடம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் கெடுதல். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் உடனே மருத்துவரிடம் போங்கள். அது உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம்; தொடக்கத்தில் ஆன்டிபயாடிக்கால் குணமாகும். இன்னொன்று: ஓக் மரங்களில் வரிசையாக ஊர்ந்து செல்லும் ஒருவகைக் கம்பளிப்பூச்சி. 2006-இல் மேற்கு லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டுப் பரவிவிட்டது. மே முதல் ஜூலை வரை அதன் மெல்லிய முடிகள் தோலையும் கண்ணையும் தொண்டையையும் அரிக்கவைக்கும். அந்தப் பருவத்தில் ஓக் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு தொடைத்தசையை நீட்டாதீர்கள்.

காலணியும் கையில் இருப்பதும்

தெருவும் சரளையும் சேறும் கலந்த இத்தகைய பாதைக்கு அடிப்புறப் பற்கள் 4 முதல் 5 மி.மீ. உள்ள டிரெயில் காலணி சரி. 8 மி.மீ. பற்கள் ஆஷ்டெட் குளிர்காலத்துக்கு மட்டும். தார்ச்சாலையில் விரைவில் தேய்ந்துவிடும். நீர்புகாத மேலுறை கொண்ட காலணிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. குட்டையில் இறங்கினால் தண்ணீர் மேல்வழியாகத்தான் உள்ளே வரும், பிறகு வெளியேற வழியிருக்காது. சாதாரண வலைத்துணி மேலுறையும் கம்பளி கலந்த காலுறையும் போதும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் அரை லிட்டர் தண்ணீர். கைபேசி, பயண அட்டை, மெல்லிய மழைச்சட்டை. டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் இன்னும் அரை மணி முன்னதாகவே இருட்டும். பகல் இரண்டு மணிக்குப் பிறகு கிளம்பினால் தலைவிளக்கு கட்டாயம். வேகத்தைக் கடிகாரத்தைக் கொண்டு அளக்காமல் மூச்சைக் கொண்டு அளங்கள்: முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே நீண்ட ஓட்டத்தின் வேகம். அடர்ந்த மரங்களுக்குக் கீழே கடிகாரம் காட்டும் தூரமும் அவ்வளவு துல்லியமாக இராது.

திரும்பியதும் காலணியை ரேடியேட்டர் மேல் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். உள்பட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். அதற்குமுன் அடிப்புறச் சேற்றைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். மரங்களைக் கொல்லும் நோய்க்கிருமிகள் மண்ணோடு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகின்றன. ஆஷ்டெட்டில் நூற்றாண்டுகள் கண்ட ஓக் மரங்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. சனிக்கிழமை விம்பிள்டனிலும் ஞாயிற்றுக்கிழமை ஆஷ்டெட்டிலும் ஓடப் போகிறவர்கள் சனிக்கிழமை மாலையே காலணியைக் கழுவிவிடுங்கள்.